வீட்டிலேயே ஆப்பிள் பிழியும் பிரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு, முன்பு இருந்தவர்கள் நட்ட ஆப்பிள் மரம் ஒன்று தோட்டத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது. செப்டம்பர் பிறந்ததும் புல்வெளி முழுக்கப் பழம். தின்று தீராது, கொடுத்துத் தீராது, கடைசியில் குளவிகள் மொய்க்க அழுகும். எங்கள் வீட்டிலும் முதல் இரண்டு வருடங்கள் அப்படித்தான் போயின. மூன்றாம் வருடம் கார் ஜாக்கியை வைத்து ஒரு பிரஸ் செய்தேன், இங்கே இதைச் சைடர் பிரஸ் என்பார்கள். அன்றிலிருந்து கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பார்ப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் நான் செய்து பயன்படுத்தும் பிரஸ்ஸின் அளவுகள்.

1. சைடர்னா அந்த ஆப்பிள் சைடர் வினிகர்தானே? எடை குறையக் குடிப்பாங்களே?

இல்லை. வினிகர் கடைசிக் கட்டம். ஆப்பிளைப் பிழிந்தால் முதலில் கிடைப்பது சாறு. அந்தச் சாறு நொதித்தால் மது, அந்த மது காற்றுப்பட்டுப் புளித்தால் வினிகர். ஒரே பிரஸ்ஸிலிருந்து மூன்றுக்கும் போகலாம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. இங்கிலாந்தில் சைடர் என்றால் நொதித்த மது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சைடர் என்றால் பெரும்பாலும் வடிகட்டாத, நொதிக்காத, கலங்கலான இனிப்புச் சாறு. டொராண்டோவில் இருக்கும் சித்தி குழந்தைகளுக்குச் சைடர் கொடுத்ததாகச் சொன்னால் பதற வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்வது பெரும்பாலும் சாறு எடுப்பது வரைக்கும்தான்.

2. அண்ணை, எங்கட வளவுக்குள்ள நிக்கிறது சமைக்கிற ஆப்பிளாம், ஒரே புளிப்பு. அதில சாறு எடுக்கேலுமோ?

தாராளமாக எடுக்கலாம். அது பெரும்பாலும் பிராம்லியாக இருக்கும். 1809இல் நாட்டிங்காம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி விதை போட்டு முளைக்க வைத்த மரத்தின் வழிவந்தது. மாங்காய்க்குப் பதில் அதை வைத்து நம் வீடுகளில் ஊறுகாய் போடுகிறோமே, அதே பழம். தனியாகப் பிழிந்தால் பல் கூசும். மூன்றில் ஒரு பங்கு பிராம்லி, மீதி காக்ஸ், டிஸ்கவரி போன்ற இனிப்புப் பழம் என்று கலந்தால் நல்ல சாறு. பக்கத்து வீட்டு மரம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களும் பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் இருப்பார்கள்.

எந்த வகையானாலும் பழுத்திருக்க வேண்டும். ஒன்றை வெட்டிப் பாருங்கள். விதை வெளுப்பாக இருந்தால் இன்னும் காய். பழுப்பாக இருந்தால் பறிக்கலாம். பறித்ததும் பிழியாமல் ஒரு வாரம், இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். உள்ளிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் குழிய வேண்டும், அதுதான் பதம்.

3. வீட்ல மிக்ஸி இருக்கு, ஜூஸர் இருக்கு. இதுக்குப் போய் ஒரு பிரஸ் செய்யணுமா?

5 கிலோ பழம் என்றால் வேண்டாம், ஜூஸரே போதும். ஒரு வளர்ந்த மரம் நல்ல வருடத்தில் 100 கிலோவுக்கு மேல் கொடுக்கும். வீட்டு ஜூஸர் 10 நிமிடத்தில் சூடாகி நின்றுவிடும், சல்லடை அடைத்துக்கொள்ளும், சாறு நுரை நுரையாக வரும். பிரஸ்ஸில் ஒரு தடவைக்கு 25 கிலோ போகும்.

செய்வதற்கு முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அக்டோபர் 21ஐ ஆப்பிள் தினமாக இங்கே 1990இலிருந்து கொண்டாடுகிறார்கள். அதையொட்டிப் பல ஊர்களில் பொது பிரஸ் வைத்து, கொண்டுபோகும் பழத்தைப் பிழிந்து தருவார்கள். ஒரு மணி நேரம் அங்கே நின்று கைகொடுத்தால், இந்தப் பக்கத்தில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

4. பழத்தை நாலா வெட்டிப் போட்டு அழுத்தினா சாறு வராதா?

வராது. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. ஆப்பிள் சதை ஆரஞ்சு போல இல்லை. சாறு சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைந்திருக்கிறது. அந்த அறைகளை உடைத்தால்தான் வெளியே வரும். முழுப்பழத்தை எத்தனை டன் போட்டு அழுத்தினாலும் சப்பையாகுமே தவிர, சாறு சொட்டுகிற கணக்குத்தான். நான் உறுதியாகச் சொல்வேன்: எவ்வளவு சாறு கிடைக்கும் என்பதைப் பிரஸ் தீர்மானிப்பதில்லை, அதற்கு முன் நடக்கும் நசுக்கல்தான் தீர்மானிக்கிறது. ஆகவே பணத்தையும் நேரத்தையும் அங்கே கொஞ்சம் கூடவே செலவிடுங்கள்.

ஹெரிஃபோர்டுஷயர் பக்கம் பழைய பண்ணைகளில் வட்டமான கல் தொட்டியும் அதற்குள் உருளும் கல் சக்கரமும் இன்னும் கிடக்கின்றன. குதிரை சுற்றிவரச் சக்கரம் ஆப்பிளை நசுக்கும். முதலில் பார்த்தபோது எனக்கு நம் ஊரில் மாடு கட்டிச் சுண்ணாம்புக் காரை அரைத்த செக்குதான் கண்முன் வந்தது. அதே அமைப்பு, அரைபடும் பொருள்தான் வேறு. ஹெரிஃபோர்டு நகரில் சைடருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வழியில் போனால் பாருங்கள்.

வீட்டில் மூன்று வழி. உலக்கை இருந்தால் முதல் வழி: கெட்டியான உணவுத்தர பிளாஸ்டிக் வாளியில் நறுக்கிய பழத்தைப் போட்டு இடிப்பது. வாளி அடியில் ஒரு பலகை வையுங்கள். பூண் இல்லாத மர முனையால் இடியுங்கள், இரும்பு ஏன் ஆகாது என்று 9ஆம் பதிலில் சொல்கிறேன். இரண்டாவது: நறுக்கிய பழத்தை ஃப்ரீசரில் உறைய வைத்து மறுபடி உருகவிடுவது. பனிக்கட்டி அறைகளைக் கிழித்துவிடும், பழம் பஞ்சு போல ஆகிவிடும். கொஞ்சப் பழத்துக்கு இதைவிடச் சுலபம் இல்லை. மூன்றாவது: கைப்பிடி சுற்றும் பழத்துருவல் பொறி விலைக்குக் கிடைக்கிறது. 50 கிலோவுக்கு மேல் போனால் அதை வாங்குங்கள்.

5. ஊர்லேர்ந்து கொண்டுவந்த வெட் கிரைண்டர்ல அரைச்சா?

வேண்டாம். சாம்பார்ப் பொடி மாதிரி, சட்னி மாதிரி நைஸாகப் போனால் பிரஸ்ஸில் சாறு வழி தேடிப் போக இடமே இருக்காது. துணியின் கண்களை விழுது அடைத்துவிடும். தேங்காய்த் துருவலின் பதம்தான் நமக்கு வேண்டும்: கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் சாறு வடிய வேண்டும், சக்கை கையிலேயே நிற்க வேண்டும்.

6. 20 டன் ஜாக்கி சேல்ல கிடைக்குது. பெருசா வாங்கினா சாறு கூட வருமா?

வாங்காதீர்கள். புட்டி போல நிமிர்ந்து நின்று எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் பாட்டில் ஜாக்கி, 4 டன் போதும். எத்தனை டன் என்பதை அப்படியே பார்க்கக் கூடாது, அது எவ்வளவு பரப்பில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பழ அடுக்கின் மேல் ஜாக்கிக்கு அடியில் வைக்கும் என் அழுத்துபலகை 30 செ.மீ. சதுரம், அதாவது 900 சதுர செ.மீ. 4000 கிலோ விசையை 900ஆல் வகுத்தால் ஒரு சதுர செ.மீட்டருக்குச் சுமார் 4.4 கிலோ. நன்றாக நசுங்கிய பழத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை.

ஜாக்கி என்ன விசை தள்ளுகிறதோ, அதே விசை சுற்றி நிற்கும் சட்டத்தையும் பிய்க்கப் பார்க்கும். 20 டன் ஜாக்கியை மரச்சட்டத்தில் வைப்பது ஆபத்து. கை சும்மா இருக்காது, இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று அடித்துக்கொண்டே இருப்போம். சின்ன ஜாக்கி வைத்தால் அந்த வரம்பு தானாக வந்துவிடும்.

பாட்டில் ஜாக்கியைத் தலைகீழாக வைக்கக் கூடாது, உள்ளே எண்ணெய் வழி மாறிவிடும். அடிப்பகுதி அழுத்துபலகை மேலும், தண்டு, சட்டத்தின் மேலே குறுக்கே போகும் உத்திரத்தின் கீழும் இருக்கட்டும். எண்ணெய் கசிந்தால் சாற்றில் கலக்காமல் இருக்க, ஜாக்கிக்கு அடியில் விளிம்புள்ள சின்னத் தட்டு ஒன்று அவசியம்.

7. மரத்துல சட்டம் போட்டா உடைஞ்சிடாதா? இரும்பு வெல்டிங் தெரியாதே எனக்கு.

வெல்டிங் தெரிந்தால் இரும்புச் சட்டம் நல்லது. தெரியாவிட்டால் மரத்தில் செய்யலாம், ஆனால் இழுவையை மரத்தின் மேல் விடக் கூடாது. என் முதல் சட்டத்தில் உத்திரப் பலகையைப் படுக்க வைத்துப் போட்டிருந்தேன். இரண்டாம் நாளே நடுவில் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம், நீளவாக்கில் பிளவு. பக்கத்தில் மகன் நின்றுகொண்டிருந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றே பிரித்துப்போட்டுப் புதிதாகச் செய்தேன்.

இப்போதைய அமைப்பு இது. மேலே இரண்டு பலகை, கீழே இரண்டு பலகை. ஒவ்வொன்றும் 47 மி.மீ. தடிப்பு, 200 மி.மீ. உயரம், கட்டுமானத் தரமான சி24 மரம். பலகையைக் குத்தாக நிறுத்துங்கள். தாங்கும் வலிமை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: உயரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கு மடங்கு. இரண்டு பலகைகளுக்கும் நடுவே 47 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளி வழியாகப் பக்கத்துக்கு ஒன்றாக 20 மி.மீ. மரையிட்ட இரும்புக் கம்பி, கீழிருந்து மேல்வரை, சுமார் 1.3 மீட்டர். இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 56 செ.மீ. கம்பியின் நான்கு முனையிலும் 100க்கு 150 மி.மீ. அளவில், 12 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடு, அதன் மேல் நட். இழுவை முழுவதையும் கம்பி தாங்கிக்கொள்ளும். கம்பிகளுக்கு வெளிப்பக்கம் நிற்கும் மரத்தூண்கள் சட்டத்தை நிமிர்த்தி நிறுத்த மட்டும்தான்.

ஜாக்கித் தண்டு முட்டும் இடத்தில் இடைவெளியை அதே மரக்கட்டையால் அடைத்துப் போல்ட் போட்டு, அடியில் 10 மி.மீ. இரும்புத் தகடு கொடுங்கள். இல்லாவிட்டால் தண்டு மரத்தைக் குடைந்துவிடும். பிழியும்போது முகத்தை உத்திரத்துக்கு நேரே வைக்காதீர்கள், குழந்தைகளை இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். மரம் முனகினால் ஜாக்கியைத் தளர்த்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

8. என்ன மரம் போடலாம்? பேலட் கட்டை சும்மா கிடைக்குதே.

சாறு படாத சட்டத்துக்கு மேலே சொன்ன மரம். சாறு படும் தட்டிகளுக்கும் அழுத்துபலகைக்கும் ஓக், ஆஷ், பீச் போன்ற கடின மரம். பைன் மரத்தில் பிசின் வாசனை சாற்றில் இறங்கும். தோட்ட வேலிக்குப் போடும், மருந்தேற்றிய மரம் கூடவே கூடாது. பழையதாக இருந்தால் அதில் ஆர்சனிக் இருக்கலாம், புதியதில் செம்புச் சேர்மங்கள் இருக்கும். பேலட் கட்டையில் முன்பு எது ஏற்றினார்கள், என்ன சிந்தியது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கோழிக் கூண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டி என்பது சக்கை அடுக்குகளுக்கு நடுவே போகும் சதுரம். 33 செ.மீ. நீள ரீப்பர்களை 5 மி.மீ. இடைவெளி விட்டு, குறுக்கே இரண்டு ரீப்பர் கொடுத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகால் பிடித்துவிடுங்கள். ஓரங்களை இழைத்து உருட்டிவிட வேண்டும், கூர் இருந்தால் துணி கிழியும். ஏழு தட்டி போதும். வார்னிஷ், பெயிண்ட் எதுவும் வேண்டாம்.

9. அடியில சாறு விழ இரும்பு ட்ரே, அலுமினியச் சட்டி ஏதாவது வச்சா போதுமா?

ஆப்பிள் சாறு புளிப்பு, உலோகத்தை அரிக்கும். இரும்பு பட்டால் சாறு கறுத்து நாக்கில் துருச் சுவை நிற்கும். துத்தநாகம் பூசிய வாளியில் வைத்தால் துத்தநாகம் கரைந்து வயிற்றைப் பிரட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம் எதுவும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு, உணவுத்தர பிளாஸ்டிக், கண்ணாடி, கடின மரம் ஆகியவைதான் சாற்றைத் தொடலாம்.

இதற்குப் பின்னால் ஒரு வேதனையான கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்களுக்குக் கடுமையான வயிற்றுவலியும் கைகால் முடக்கமும் வந்தன. டெவன் வயிற்றுவலி என்றே அதற்குப் பெயர். பழத்தின் புளிப்பால் வருகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1767இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர், பிழிபொறிகளிலும் தொட்டிகளிலும் பயன்படுத்திய ஈயம்தான் காரணம் என்று எடுத்துக்காட்டினார். பழையது, அழகாக இருக்கிறது என்று எந்தத் தொட்டியையும் குழாயையும் வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள்.

என்னுடைய ட்ரே 50 செ.மீ. அகல எவர்சில்வர் தாம்பாளம். வாய்க்காலுக்கு விளிம்பில் துளை போட்டு எஃகுக் குழாய் ஒன்று பொருத்தினேன். 33 செ.மீ. சதுரத்தின் மூலைக்கு மூலை 47 செ.மீ., ஆகவே தட்டி சரியாக உள்ளே உட்கார்ந்துவிடும். தாம்பாளத்துக்கு அடியில் தட்டையான தடித்த பலகை வையுங்கள், நெளியாது. பக்கத்துக் கம்பிகளில் சாறு தெறிக்காமல் பிளாஸ்டிக் குழாய் மாட்டிவிடுங்கள்.

10. பழைய வேட்டி நாலா மடிச்சுப் போட்டா வடிகட்டுமே, துணி எதுக்குத் தனியா வாங்கணும்?

வேட்டி பருத்தி. ஒரு தடவை தாங்கும், அடுத்த தடவை நடுவில் கிழிந்து சக்கை பீய்ச்சும். பருத்தி சாற்றைக் குடித்து வைத்துக்கொள்ளும், சரியாகக் காயாவிட்டால் பூசணமும் பிடிக்கும். ஜன்னலுக்குப் போடும் பாலியெஸ்டர் வலைத்திரை வாங்குங்கள். மெல்லியது, இழை வலுவானது, அலசினால் உடனே சுத்தம். 75 செ.மீ. சதுரமாக ஆறு துண்டு. முதல் தடவை சோப்பு வாசனை போக வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள். இங்கே முற்காலத்தில் குதிரை மயிர் நெய்த துணியையும் வைக்கோலையும் இதற்கு வைத்தார்களாம்.

11. எல்லாம் ரெடி. எப்படி அடுக்கறது, எவ்வளவு நேரம் அழுத்தறது?

தாம்பாளத்தில் ஒரு தட்டி. அதன் மேல் அடியும் மூடியும் இல்லாத சதுரச் சட்டம் ஒன்று, உள்ளளவு 30 செ.மீ., உயரம் 5 செ.மீ. அதன் மேல் துணியை மூலைகள் பக்கவாட்டுக்கு வரும்படி விரித்து, நசுக்கிய பழத்தைச் சட்டம் நிரம்பப் போட்டு, மூலைமுடுக்கெல்லாம் கையால் சமன் செய்யுங்கள். நான்கு மூலையையும் வாழையிலையில் பொட்டலம் மடிப்பது போல உள்ளே மடியுங்கள். சட்டத்தை மேலே உருவி எடுத்துவிட்டு அடுத்த தட்டி. இப்படி ஆறு பொட்டலம். கடைசித் தட்டிக்கு மேல் அழுத்துபலகை, தட்டு, ஜாக்கி. இந்த அடுக்குக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் சீஸ்.

அடுக்கும்போதே சாறு ஓடத் தொடங்கிவிடும், அதுதான் நன்றாக நசுக்கியதற்கு அடையாளம். ஜாக்கியை நாலைந்து அடி அடித்து நிறுத்துங்கள். ஓட்டம் தணிந்து சொட்டாகும்போது மறுபடி நாலு அடி. மொத்தம் 30, 40 நிமிடம் ஆகும். ஒரேயடியாக அழுத்தினால் வெளிப்பக்கச் சக்கை இறுகிச் சுவராகிவிடும், நடுவிலுள்ள சாறு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

12. ஜாக்கி முழுக்க நீண்டுடுச்சு, ஆனா இன்னும் சாறு வருது. என்ன பண்ண?

அடுக்கு கிட்டத்தட்டப் பாதி உயரத்துக்கு இறங்கும், ஜாக்கியின் நீட்சி அந்த அளவுக்கு எட்டாது. ஜாக்கியைத் தளர்த்தி இறக்கி, அழுத்துபலகைக்கும் ஜாக்கித் தட்டுக்கும் நடுவே 10 செ.மீ. உயரக் கடின மரக்கட்டை ஒன்றைப் படுக்க வைத்து மறுபடி தொடங்குங்கள். சின்னச் சின்னத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரம் கூட்டாதீர்கள், வழுக்கித் தெறித்தால் கையைப் பதம் பார்த்துவிடும். நான் சட்டத்தின் உள்ளுயரத்தை 80 செ.மீட்டராக வைத்தது இந்தக் கட்டைகளையும் கணக்கில் சேர்த்துத்தான்.

13. எனக்கு அடுக்கு ஒரு பக்கமா சாயுது. சைடுல கூழ் பீய்ச்சுது. எங்க தப்பு?

சாய்ந்தால் அழுத்துவதை உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒரு பொட்டலத்தில் ஒரு மூலை குறைவாக இருந்திருக்கும். பிரித்து மறுபடி அடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சாய்ந்த அடுக்கை ஜாக்கி நிமிர்த்தாது, இன்னும் சாய்க்கும்.

கூழ் பீய்ச்சினால் பழம் அதிகம் பழுத்து மாவாகிவிட்டது என்று அர்த்தம். நாள்பட்ட இனிப்பு ஆப்பிள்களில் இது அடிக்கடி நடக்கும். பொட்டலத்தை 3 செ.மீ. தடிப்பாகக் குறையுங்கள், கொஞ்சம் கெட்டியான பழம் கலந்து நசுக்குங்கள். நன்றாகக் கழுவி வேகவைத்த நெல் உமியைச் சக்கையில் ஒரு பிடி கலப்பதும் உண்டு. உமி சாறு ஓட வழி திறந்துவிடும், சுவையும் மாறாது. மது வடிக்கும் பொருள் விற்கும் கடைகளில் உமி கிடைக்கிறது.

14. 10 கிலோ பழத்துக்கு எத்தனை லிட்டர் கணக்கு?

5 முதல் 6 லிட்டர். 4 லிட்டருக்குக் கீழே போனால் ஜாக்கியைக் குறை சொல்லாமல் 4ஆம் பதிலுக்குப் போங்கள், நசுக்கல் போதவில்லை. பிழிந்த சக்கை கையில் எடுத்தால் உதிர வேண்டும்.

15. கீழ விழுந்த பழம், புழு வச்ச பழம் எல்லாம் போடலாமா? எப்படியும் பிழியறதுதானே?

அடிபட்டது போடலாம். புழு இருக்கும் இடத்தை வெட்டிவிட்டுப் போடலாம். அழுகல், பூசணம் கூடாது. நீலப் பூசணம் பட்டுலின் என்ற நஞ்சைச் சுரக்கும், அது கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. ஐரோப்பாவில் ஒரு கிலோ சாற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். ஒரு கூடை நல்ல பழத்தை நாலு அழுகல் கெடுத்துவிடும், ஆகவே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆடு, மாடு, மான் நடமாடும் இடத்தில் தரையில் கிடந்த பழத்தை நான் எடுப்பதே இல்லை. 1996இல் அமெரிக்காவில் சூடேற்றாத ஆப்பிள் சாற்றில் ஈ.கோலி ஓ157 கிருமி கலந்து பலர் நோயில் விழுந்தார்கள், ஒரு குழந்தை இறந்தது. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் இருக்கும் வீட்டில் சாற்றைச் சூடேற்றாமல் கொடுக்காதீர்கள். பழத்தைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவுவது எல்லாருக்கும் பொது.

16. பத்து நிமிஷத்துல சாறு டீ மாதிரி ஆயிடுச்சு. கெட்டுப்போச்சா?

கெடவில்லை, காற்றுப்பட்ட ஆப்பிளின் இயல்பு அது. கடைச் சாற்றின் வெளிர் நிறம் வேண்டுமென்றால், சாறு விழும் பாத்திரத்தில் லிட்டருக்கு அரை கிராம் வைட்டமின் சி தூள் போட்டு வையுங்கள். எனக்கு அந்தப் பழுப்பே பிடிக்கும், சுவையும் அதில்தான் ஆழமாக இருப்பதாகப் படுகிறது.

குளிர்பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். ஃப்ரீசரில் அடுத்த ஆப்பிள் பருவம் வரை இருக்கும், விரிவதற்குப் புட்டியில் மேலே இடம் விடுங்கள். அலமாரியில் வைக்க வேண்டுமானால், வெப்பம் தாங்கும் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் நிறுத்திச் சூடாக்குங்கள். புட்டிக்கு உள்ளே சாறு 75 டிகிரி தொட்டதும் 20 நிமிடம் அப்படியே வைத்து, உடனே மூடியை இறுக்கிப் படுக்க வையுங்கள். சூடான சாறு மூடியின் உட்புறத்தையும் சுத்தம் செய்துவிடும். கொதிக்கவிடாதீர்கள், ஜாம் வாசனை வந்துவிடும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

17. ஆப்பிள் விதையில சயனைட் இருக்காமே? எல்லாத்தையும் சேர்த்து நசுக்கறீங்களே!

விதைக்குள் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது, விதை அரைபட்டால் அதிலிருந்து சயனைட் பிரியும் என்பது உண்மை. நம் நசுக்கலில் விதை பெரும்பாலும் முழுசாகவே சக்கையில் தங்கிவிடும். உடைபடுகிற சிலவற்றிலிருந்து சாற்றுக்குப் போவது மிகக் குறைவு, விதை எடுக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் மிக்ஸியில் விதையோடு அரைப்பதை நான் தவிர்ப்பேன். விதை தூளாவதோடு கசப்பும் இறங்கும். 5ஆம் பதிலில் நைஸாக அரைக்காதீர்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

18. சாறை மூடி வச்சேன், நாலு நாள்ல மூடி தூக்கியடிச்சுது. இதுதான் சாராயமா?

ஆகத் தொடங்கியிருக்கிறது. பழத்தோலிலும் பிரஸ்ஸிலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயு விடுகிறது. இறுக்கி மூடிய கண்ணாடிப் புட்டி வெடிக்கும், கண்ணைக்கூடப் பறித்துவிடும். 16இல் சொன்னபடி சூடேற்றாத சாற்றை ஒருபோதும் இறுக்கி மூடி அறை வெப்பத்தில் வைக்காதீர்கள். அந்த மாதிரி ஒன்று இருந்தால், கனமான துணியைப் போர்த்தி மெதுவாகத் திறந்து கொட்டிவிடுங்கள்.

வேண்டுமென்றே நொதிக்கவிட்டால் 5 முதல் 7 விழுக்காடு வரை ஆல்கஹால் வரும். இங்கிலாந்தில் வீட்டுத் தேவைக்குச் செய்ய அனுமதி உண்டு, விற்பதற்கு விதிகள் தனி. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம், ஆகவே விடுமுறைக்குப் போன இடத்தில் முயல வேண்டாம். எங்கள் வீட்டில் நொதித்ததை வினிகராக விட்டுவிடுவோம்: அகல வாய் ஜாடி, துணி மூடி, இரண்டு மூன்று மாதம்.

19. இதிலயே பேரிக்காய், கரும்பு எல்லாம் பிழியேலுமோ?

பேரிக்காய் ஏலும். துவர்ப்பான வகையானால் நசுக்கி ஓர் இரவு வைத்துவிட்டுப் பிழியுங்கள், துவர்ப்பு குறையும். திராட்சைக்கு நசுக்கல்கூட லேசாகப் போதும். கரும்பு ஏலாது. அதற்கு உருளைகளுக்கு நடுவே விட்டு நெரிக்கும் ஆலைதான் வேண்டும்.

20. வேலை முடிஞ்சதும் எப்படிக் கழுவி வைக்கறது?

அன்றே கழுவுங்கள், மறுநாள் என்றால் குளவியும் பூசணமும் முந்திக்கொள்ளும். தட்டிகளையும் துணியையும் குழாய்நீரில் பீய்ச்சி, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவையுங்கள். வாசனை சோப்பு வேண்டாம், மரம் அதைப் பிடித்து வைத்து அடுத்த வருடம் சாற்றில் கொடுக்கும். தட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் காற்றோட்டமாக நிறுத்தி வையுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன் கம்பி நட்டுகளை இறுக்கி, உத்திரத்தில் கீறல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இதை மறக்கவே கூடாது.

21. இவ்வளவு சக்கை மிஞ்சுதே, தூக்கிப்போட மனசு வரல. இன்னொரு தடவை பிழியலாமா?

பிழியலாம். தேங்காயில் முதல் பால் எடுத்ததும் வெந்நீர் விட்டு இரண்டாம் பால் எடுக்கிறோமே, அதே முறைதான். சக்கையை உதிர்த்து, அது நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே பிழியுங்கள். அதற்கு மேல் வைத்தால் புளிக்கத் தொடங்கும். இங்கிலாந்தில் இந்த இரண்டாம் சாற்றை முற்காலத்தில் லேசாக நொதிக்கவிட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள், சைடர்கின் என்று அதற்குப் பெயர். நாங்கள் நொதிக்க விடுவதில்லை. வடித்ததும் சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, அக்டோபர் குளிரில் சுடச்சுடக் குடித்துவிடுவோம். இரண்டாவது பிழியலுக்குப் பிறகும் மிஞ்சும் சக்கையை உரக்குழியில் காய்ந்த இலையோடு கலந்து போடுங்கள். தனியாகக் குவித்தால் புளித்து நாறும்.